நின்ற இரத்தம் திரும்பும்போது

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இருபுறமும் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அங்கே மின்பணி பார்ப்பவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் நின்று போவது ஒரு தொல்லை, நின்ற மின்சாரம் திரும்பி வரும் நொடி மற்றொரு தொல்லை என்பார். ஓடாமல் நிற்கும் மின்மோட்டாரை நேரடியாக மின்கம்பியுடன் இணைத்தால், தொடக்கத்தில் அது வழக்கத்தைப் போல் ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவேதான் பெரிய மோட்டார்களுக்கு 'ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்' பொருத்துகிறார்கள். மோட்டார் முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் மெல்லச் சுழலத் தொடங்கி, வேகம் பிடித்த பிறகே முழு மின்னழுத்தத்தைப் பெறுகிறது. நம் கழனிகளில் பெரிய பம்ப்செட் வைத்திருப்போரும் இதை அறிவர்.

நம் உடலிலும் இதை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஓர் உறுப்புக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டால் அவ்வுறுப்பு கெடும். இது எல்லோரும் அறிந்ததே. ஆனால் நின்ற இரத்தம் திரும்பிப் பாயும்போதும் அவ்வுறுப்பு கெடுகிறது என்பதையும், அந்தக் கேடு சில சமயங்களில் முதல் கேட்டைவிடப் பெரிதாக இருக்கும் என்பதையும் கேட்டால் வியப்பாக இருக்கும். கல்லீரல் அறுவையிலும், கல்லீரல் மாற்றுச் சிகிச்சையிலும் டாக்டர்கள் பெரிதும் அஞ்சுவது இந்த இரட்டைக் கேட்டைத்தான். அது எவ்வாறு நேர்கிறது, அதிலிருந்து கல்லீரலை எவ்வாறு காக்கிறார்கள் என்பதை இங்குக் காண்போம்.

கல்லீரலும் கடைமடை வயலும்

வளர்ந்த ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் அதன் வழியே செல்கிறது. இது இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் நான்கில் ஒரு பங்கு. பெரும்பாலான உறுப்புகளுக்கு இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. இதற்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. குடலிலிருந்து உணவுச் சத்துகளைச் சுமந்து வரும் போர்ட்டல் சிரை முக்கால் பங்கு இரத்தத்தைக் கொண்டுவருகிறது. எஞ்சிய கால் பங்கைக் கல்லீரல் தமனி கொண்டுவருகிறது. தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் மிகுதியாதலால், ஆக்சிஜனைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்களிக்கின்றன.

இந்த இரத்தம் கல்லீரலின் நுண்ணிய அறைகளில் ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கி ஓடுகிறது. ஏரிக் கால்வாயில் தலைமடை வயல் முதலில் நீரைப் பெற்று, கடைமடை வயல் எஞ்சியதைப் பெறுவது போல, ஓரத்துச் செல்கள் ஆக்சிஜனை நிறையப் பெற, நடுவிலுள்ள செல்கள் எஞ்சியதைக் கொண்டு வாழ்கின்றன. வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே! இரத்த ஓட்டம் குறையும்போது கல்லீரலில் முதலில் மடிவதும் இந்த நடுப்பகுதிச் செல்களே.

ஓட்டம் நின்றால்

ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணிய சக்தி நிலையங்கள் உள்ளன. அவை ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஏ.டி.பி. என்ற சக்திப் பொருளை உண்டாக்குகின்றன. ஆக்சிஜன் நின்றதும் ஏ.டி.பி. கையிருப்பு விரைவில் தீரத் தொடங்குகிறது. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்துச் சிறிது சக்தி பெற முடியும். ஆனால் அது போதாது. அதன் விளைவாக லாக்டிக் அமிலமும் சேர்கிறது.

செல்லின் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் 'பம்புகள்' உள்ளன. இவை ஏ.டி.பி.யால் இயங்குபவை. இவை நின்றதும் சோடியம் உள்ளே புகுகிறது. அதைத் தொடர்ந்து தண்ணீரும் புகுகிறது. செல் உப்புகிறது. கால்சியமும் உள்ளே சேர்ந்து, செல்லையே சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது.

இந்நிலை சிறிது நேரமே நீடித்தால் செல் மீண்டுவிடும். நலமான கல்லீரல் உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை இதைத் தாங்கும். சுருங்கி இறுகிய கல்லீரலும் கொழுப்புப் படிந்த கல்லீரலும் அவ்வளவு தாங்கா.

திரும்பி வந்த ஆக்சிஜன்

இப்பொழுது இரத்தம் திரும்புகிறது; ஆக்சிஜன் வந்துவிட்டது. செல்கள் பிழைத்தன என்றுதானே எண்ணுவோம்? இங்குதான் இரண்டாவது கேடு தொடங்குகிறது.

ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் குவிந்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் எலிகளிடம் செய்த சோதனைகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். கல்லீரல், இதயம், சிறுநீரகம், மூளை என வெவ்வேறு உறுப்புகளிலும் இதே பொருள் சேர்ந்திருந்தது. ஆக்சிஜன் திரும்பியதும் இந்தச் சக்சினேட் மிக விரைவாக எரிகிறது. அப்போது மைட்டோகாண்ட்ரியாவின் எலெக்ட்ரான் பாதையில் எலெக்ட்ரான்கள் எதிர்த்திசையில் தள்ளப்பட்டு, ஆக்சிஜனுடன் சேர்ந்து சூப்பராக்சைடு என்ற தீவிர வினைப்பொருளாக மாறுகின்றன. இது சவ்வுகளையும் புரதங்களையும் தாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் துளைகள் திறக்கின்றன. சக்தி நிலையமே பாழாகிறது. நேரடியாக இணைத்த மோட்டாரில் பாயும் முதல் மின்னோட்டத்தை இதனுடன் ஒப்பிடலாம்.

ஆனால் மோட்டாரில் இல்லாத ஒரு சங்கடம் இங்கு உண்டு. கல்லீரலில் 'குப்பர் செல்கள்' என்ற காவற்செல்கள் இருக்கின்றன. சிதைந்த செல்களிலிருந்து கசியும் பொருள்களைக் கண்டதும் இவை, ஏதோ நோய்க்கிருமி நுழைந்துவிட்டது போல அபாய அறிவிப்புச் செய்கின்றன. வெள்ளணுக்கள் திரண்டு வந்து, பிழைத்திருக்கும் செல்களையும் தாக்குகின்றன. இரத்த நுண்குழாய்களின் உட்சுவர் வீங்குகிறது. வெள்ளணுக்களும் இரத்தத் தட்டுகளும் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. பெரிய குழாயைத் திறந்துவிட்ட பின்னும் சில பகுதிகளுக்கு இரத்தம் போய்ச் சேராத விந்தை இதனால் நேர்கிறது.

இத்தனையும் நடந்திருப்பதை டாக்டர்கள் எப்படி அறிகிறார்கள்? கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள், செல் உடைந்ததும் இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தச் சோதனையில் அவற்றின் அளவு உயர்ந்திருந்தால், அந்த அளவைக் கொண்டு கேட்டை மதிப்பிடலாம்.

அறுவை அறையில்: கிள்ளுதலும் விடுதலும்

கல்லீரலில் வளர்ந்த கட்டியை அகற்றும்போது இரத்தம் பெருகி வழியும். கிளாஸ்கோவில் பணியாற்றிய பிரிங்கிள் என்ற அறுவை டாக்டர் 1908-ல் இதற்கு ஓர் எளிய வழியை வெளியிட்டார். கல்லீரலுக்குள் நுழையும் தமனியும் போர்ட்டல் சிரையும் ஒரே கட்டாகச் செல்கின்றன. அந்தக் கட்டை விரல்களாலோ இடுக்கியாலோ பற்றிக்கொண்டால் இரண்டு வழிகளும் ஒருங்கே அடைபடும். இம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆனால் இரத்தப் பெருக்கை நிறுத்திய கையே கல்லீரலையும் பட்டினி போடுகிறதல்லவா? எனவே தொடர்ந்து பற்றியிருக்காமல், 15 நிமிடம் பற்றி 5 நிமிடம் விடுவது என்ற முறை பரவியது. இடைவேளையில் செல்கள் சிறிது ஏ.டி.பி. சேர்த்துக்கொள்கின்றன.

இதைவிட வியப்பான செய்தி 1986-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நாய்களின் இதயத்துக்குச் செல்லும் ஒரு தமனியை 40 நிமிடம் அடைத்தபோது இதயத் தசை பெரிதும் மடிந்தது. ஆனால் அதற்கு முன்னதாக 5 நிமிட அடைப்பு, 5 நிமிட ஓய்வு என்று நான்கு முறை பழக்கிய இதயத்தில், கேடு கால் பங்காகக் குறைந்துவிட்டது. சிறு துன்பத்தில் பழகிய உறுப்பு பெருந்துன்பத்தைத் தாங்குகிறது! கல்லீரலிலும் இதைப் பின்பற்றி, அறுவைக்கு முன் 10 நிமிடம் அடைத்து 10 நிமிடம் திறந்துவிடும் முறையைச் சில மருத்துவக் குழுக்கள் மேற்கொண்டன. நற்பயன் கண்டோர் உண்டு. எனினும் எல்லா நோயாளிகளிடமும் ஒரே அளவு பயன் கிட்டவில்லை. ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரியும் உண்மை மருத்துவமனைக்கு வரும்போது மங்குவது விஞ்ஞானத்தில் புதிதன்று.

குளிரின் கணக்கு

மாற்றுச் சிகிச்சையில் இதைவிடக் கடுமையான சிக்கல் எழுகிறது. ஒருவர் உடலிலிருந்து எடுத்த கல்லீரலை வேறொரு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று இன்னொருவர் உடலில் பொருத்த வேண்டும். நிமிடக் கணக்கு இப்போது மணிக்கணக்காகிவிட்டது. இங்கே கைகொடுப்பது குளிர்.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் உயிர்வேதி வினைகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது ஒரு பொது விதி. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். உடலின் 37 டிகிரியில் ஆக்சிஜன் தேவை 100 என்று கொள்வோம். 27 டிகிரியில் அது 50; 17 டிகிரியில் 25; 7 டிகிரியில் 12-க்குச் சற்று மேல். பனிக்கட்டிப் பெட்டியின் 4 டிகிரியில் ஏறத்தாழ 10. அதாவது தேவை பத்தில் ஒரு பங்காகிறது. ஆனால் சுழியாவதில்லை. பெட்டிக்குள்ளும் ஏ.டி.பி. மெல்லத் தீர்கிறது, சக்சினேட் மெல்லச் சேர்கிறது. பனிக்கட்டி காலத்தை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது.

குளிரில் மற்றோர் இடரும் உண்டு. நாம் சொன்ன சோடியம் பம்புகள் குளிரிலும் நின்றுவிடுகின்றன, செல் உப்புகிறது. இதைத் தடுக்க, கல்லீரலின் இரத்தத்தை அகற்றிவிட்டு அதற்கென அமைத்த கரைசலைச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சவுதார்டு ஆகியோர் 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கிய கரைசல் இதில் பெரிய திருப்பம் தந்தது. செல்லுக்குள் எளிதில் நுழைய முடியாத லாக்டோபயோனேட், ராஃபினோஸ் என்னும் பெரிய மூலக்கூறுகள் அதில் உள்ளன. அவை வெளியே இருந்துகொண்டு, சவ்வூடு பரவல் விதிப்படி தண்ணீரைத் தங்கள் பக்கமே பிடித்து வைக்கின்றன. பள்ளியில் உப்பு நீரில் உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டுப் பார்த்த சோதனையை நினைவுகூருங்கள், தத்துவம் அதுவே. இந்தக் கரைசலால் கல்லீரலைப் பாதுகாக்கும் நேரம் இரு மடங்குக்கும் மேலாயிற்று. எனினும் இன்றும் 12 மணி நேரத்துக்குள், கூடுமானால் அதற்கும் முன்பே, பொருத்திவிடவே டாக்டர்கள் விரும்புகிறார்கள்.

பொருத்தும் வேளையிலும் கவனம் வேண்டும். கரைசலிலுள்ள பொட்டாசியமும் சேர்ந்திருக்கும் அமிலமும் திடீரென்று இதயத்தை அடைந்தால் இரத்த அழுத்தம் சரியும். இதயத் துடிப்பே தடுமாறும். ஆகவே கல்லீரலை முதலில் கழுவி வெளியேற்றி, இடுக்கிகளைப் பக்குவமாகத் தளர்த்துகிறார்கள்.

மெல்லத் தொடங்கும் இயந்திரங்கள்

கல்லீரலை ஏன் பட்டினி போட வேண்டும்? வெளியே எடுத்த பிறகும் அதற்கு இரத்தம் ஊட்டினால் என்ன? இக்கேள்வியை எழுப்பிய ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் அறுவை டாக்டர் பீட்டர் ஃபிரெண்டும் பொறியியல் பேராசிரியர் கான்ஸ்டன்டின் கூசியோஸும் ஓர் இயந்திரத்தை அமைத்தார்கள். பம்பு இதயமாகவும், ஆக்சிஜனேற்றி நுரையீரலாகவும் செயல்பட, 37 டிகிரி வெப்பத்தில் இரத்தம் கல்லீரலுக்குள் சுழல்கிறது. பெட்டிக்குள் இருக்கும் கல்லீரல் பித்தநீரையும் சுரக்கிறது. 2013-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் இவ்வாறு காத்த கல்லீரலை முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள்.

இதனைப் பனிக்கட்டி முறையுடன் ஒப்பிட்டு, 220 கல்லீரல் மாற்றுகளின் முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். நொதிக் கசிவால் அளந்த கேடு பாதியாகக் குறைந்திருந்தது. பயன்படாதென ஒதுக்கிய கல்லீரல்களின் விகிதமும் பாதியாயிற்று. ஆனால் நோயாளிகள் பிழைத்திருக்கும் விகிதத்தில் இரண்டு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதன் சிறப்பு, வீணாகப் போகவிருந்த கல்லீரல்களையும் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ள முடிவதில்தான் உள்ளது.

இன்னொரு முறை நம் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை அப்படியே நினைவூட்டுகிறது. பனிக்கட்டியில் வந்த கல்லீரலுக்கு, பொருத்துவதற்கு முன் ஏறத்தாழ 2 மணி நேரம், 10 டிகிரி அளவிலான குளிர்நிலையிலேயே ஆக்சிஜன் நிறைந்த கரைசலைச் செலுத்துகிறார்கள். குளிரில் வினைகள் மந்தமாதலால், குவிந்த சக்சினேட் திடுமென்று எரியாமல் மெல்ல மெல்லத் தீர்கிறது. அதன்பிறகு வெப்பமான இரத்தம் வந்தாலும் எரிவதற்கு மிச்சம் அதிகமில்லை. 156 நோயாளிகளைக் கொண்டு நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளிவந்தது. சாதாரண முறையில் 18 விழுக்காட்டினருக்கு நேர்ந்த ஒருவகைப் பித்தநாளச் சுருக்கம், இம்முறையில் 6 விழுக்காட்டினருக்கே நேர்ந்தது.

நம் மாவட்டத்து இரு குடும்பங்கள்

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கே நடந்தது. பித்தநாளம் சரியாக அமையாமல் பிறந்த, இரண்டு வயது நிறையாத அச்சிறுவனுக்கு 1998 நவம்பரில், டெல்லி அப்பல்லோ மருத்துவமனையில், அவனுடைய தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே மருத்துவமனையில் இருப்பதால் இரத்தமின்றி இருக்கும் நேரம் மிகக் குறைவு. உயிருள்ளோர் தரும் கல்லீரலுக்கு இது ஒரு பெரிய நன்மை. அச்சிறுவன் வளர்ந்து, படித்து, பின்னாளில் தானே ஒரு டாக்டரானான்.

மற்றொரு குடும்பம் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்தது. அவ்வூர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவன் பெற்றோர் தானமாகத் தந்தனர். போலீசார் சாலையை ஒழுங்குபடுத்த, அவனுடைய இதயம் சென்னை நகரை 11 நிமிடத்தில் கடந்து ஒரு சிறுமியைப் போய்ச் சேர்ந்தது. அந்த 11 நிமிடம் வெறும் பரபரப்புக்காக அன்று. இரத்தமின்றிக் கழியும் நேரத்தின் விலையை, இக்கட்டுரையைப் படித்த நாம் இப்போது அறிவோம். இந்நிகழ்ச்சிக்குப் பின் தமிழகத்தில் உறுப்பு தானம் பற்றிய விழிப்பு பெரிதும் வளர்ந்தது. தானத்தைப் பங்கிட்டு அளிக்கத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் இயங்குகிறது. உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். வீட்டில் இயல்பாக இறந்தவரின் கண்களைத் தானம் செய்கிறோமே, கல்லீரலை ஏன் செய்ய முடிவதில்லை? விடை இக்கட்டுரையிலேயே உள்ளது. இதயம் நின்றதும் கல்லீரல் உடல் வெப்பத்திலேயே பட்டினி கிடக்கத் தொடங்குகிறது. மருத்துவர் வருவதற்குள் காலம் கடந்துவிடும். கண்ணின் கருவிழிப்படலத்திலோ இரத்தக் குழாயே இல்லை. அது ஆக்சிஜனைப் பெரிதும் காற்றிலிருந்தே பெறுவது. எனவே 6 மணி நேரம் வரை காத்திருக்க அதனால் இயலும். மூளைச்சாவு அடைந்தவரிடமோ, செயற்கைச் சுவாசத்தின் துணையால் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. கல்லீரலுக்குக் கடைசிவரை இரத்தம் கிடைக்கிறது. ஆகவே அந்நிலையில் குடும்பத்தார் எடுக்கும் முடிவு, அழுகைக்கு நடுவே சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய முடிவாகிறது. அதைப் பற்றி நலமாக இருக்கும்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நாம் செய்யக்கூடியது

கல்லீரலை இக்கேட்டிலிருந்து காக்கும் டானிக்கோ மாத்திரையோ கடையில் இல்லை. ஆனால் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, பெரும் இரத்த இழப்பிலும், டெங்கு போன்ற காய்ச்சலின் கடும் நிலையிலும் இரத்த அழுத்தம் சரிந்தால், அறுவை ஏதும் இல்லாமலே கல்லீரல் பட்டினி கிடக்கும். சாலை விபத்தில் இரத்தம் வழியும் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, 108-ஐ உடனே அழைப்பது கல்லீரலையும் காக்கும் செயலே.

இரண்டாவது, கொழுப்புப் படிந்த கல்லீரல் இக்கேட்டை மிகக் குறைவாகவே தாங்கும். பெரிய கொழுப்புத் துளிகள் நிறைந்த செல்கள் 30 விழுக்காட்டைத் தாண்டினால் அக்கல்லீரலை ஏற்க டாக்டர்கள் தயங்குவர். 60 விழுக்காட்டைத் தாண்டினால் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவர். அளவான உணவும் உடல் உழைப்பும் மது விலக்கும் நம் கல்லீரலை நமக்கு மட்டுமின்றி, ஒருவேளை பிறருக்கும் உதவும் நிலையில் வைத்திருக்கும்.

மூன்றாவது மாணவர்களுக்கு. வினைவேகம், சவ்வூடு பரவல், எலெக்ட்ரான் பாய்ச்சல், பம்பின் அழுத்தம் ஆகியவை நாம் வகுப்பறையில் தனித்தனியாகப் படிக்கும் பாடங்கள். ஒரு பெட்டிக்குள் காத்திருக்கும் கல்லீரலில் இவை அனைத்தும் ஒன்று சேர்கின்றன. ஒரு பொறியியல் பேராசிரியர் அறுவை டாக்டருடன் சேர்ந்து அந்த இயந்திரத்தை அமைத்தது தற்செயலன்று. ஒரகடத்து மின்பணியாளர் அறிந்த அந்தப் பாடம், அதாவது நின்றதை மீண்டும் தொடங்கும்போது பக்குவமாகத் தொடங்க வேண்டும் என்பது, உயிருக்கும் பொருந்துகிறது.